இரண்டாவது லைன்

சாயங்காலம் ஐந்தே கால் மணி. வெயில் முழுதாக இறங்கவில்லை. நடுராத்திரி, அமாவாசை என்றெல்லாம் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் அதை இப்போதே மறந்துவிடலாம்... இது வெளிச்சத்தில் நடந்தது.

செங்கல் சூளையைத் தாண்டியதும் ஒரு மண் ரோடு பிரியும். கரண்டுக் கம்பங்களும் அதோடு கூடவே வரும். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழாவது கம்பத்தோடு நின்றுவிடும். கம்பி அதற்குமேல் போகாது. ரோடு மட்டும் இன்னும் இரண்டு கிலோமீட்டர் போகும். இரண்டு பக்கமும் ஆள் உயரப் புல். ரோடு முடிகிற இடத்தில் ஒரே ஒரு வீடு.

அந்த ஏழாவது கம்பத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தியவர் நம் பெயின்டரின் சித்தப்பா. போன வருஷம் இந்தச் சுவருக்கு வெள்ளை அடித்தானே, அவனுடைய சொந்தச் சித்தப்பா. அவன் சொன்னதைத்தான் இப்போது சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

சித்தப்பாவுக்கு ஊரில் பெயர் மீட்டர். கம்பியைக் கவ்விப் பிடித்து எவ்வளவு கரண்டு ஓடுகிறது என்று காட்டுமே, இடுக்கி மாதிரி ஒரு மீட்டர்... அது எந்நேரமும் அவர் இடுப்பில் தொங்கும். மீட்டர் காட்டாத எதையும் அவர் நம்பியதில்லை. சாப்பாட்டில் உப்பு போதுமா என்று மனைவி கேட்டால்கூட மீட்டரைத் தேடுவார் என்று பெயின்டர் கிண்டல் செய்வான். தொழில், கம்பி எட்டாத வீடுகளுக்கு சோலார் போட்டுக் கொடுப்பது. கூரைமேல் பேனல், உள்ளே பேட்டரி, இன்வெர்ட்டர், ஒரு பெட்டி. நல்ல வேலைக்காரர். நல்ல மனுஷன்தான்... நம்மையெல்லாம் போல.

கம்பத்தடியில் மில்லுக்காரர் காத்துக்கொண்டிருந்தார். மர அறுவை மில் முதலாளி. ரோட்டின் கடைசியில் இருக்கும் அந்த வீடு அவருடையது. மூன்று மாதத்துக்கு முன்னால் அதற்கு சோலார் போட்டுக் கொடுத்தது மீட்டர்தான். முதலாளி ஆள் பாதியாகியிருந்தார். சட்டை தோளில் தொங்கியது.

"லைன் மாறி விழுது மீட்டரு," என்றார். "விடிகாலையில வீடு பூரா இருட்டு. பிரிட்ஜ் இல்ல, எங்க ரூம்ல ஃபேன் இல்ல. பின் ரூம்ல மட்டும் லைட்டு எரியுது."

"அப்படி விழாதே முதலாளி. பின் ரூம்தானே முதல்ல விழணும்?"

"அதான் சொல்றேன்."

சாவியை நீட்டினார். மீட்டர் வாங்கிக்கொண்டு, வண்டியில் ஏறுங்கள் என்று சைகை காட்டினார். முதலாளி அசையவில்லை. "நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே நிக்கறேன்." பிறகு, கேட்காமலே சொன்னார். "வீட்டுக்காரியும் அங்க இல்ல. அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா. பெல்லு அடிச்சுது, உங்களுக்குக் கேட்டுது, கேட்டும் எந்திரிக்காம படுத்திருந்தீங்கங்கறா. நான் அவளச் சொல்றேன். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி இதையேதான் சொல்லிட்டிருந்தோம். இனி வரமாட்டாளாம். அந்தப் பெல்லையும் கொஞ்சம் பாருங்க. அன்னிக்கி அது அடிச்சுதா இல்லையான்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

மீட்டர் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். அது அடித்ததா இல்லையா என்று உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் அந்த ஸ்கூட்டரின்மேல் உட்கார்ந்திருந்தார்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மூன்று மாதம்.

அந்த வீட்டின் பின் அறையில் முதலாளியின் அண்ணன் இருந்தார். எல்லோருக்கும் பெரியவர். முப்பது வருஷம் ரம்பத்துக்கு முன்னால் நின்ற மனிதர். தம்பியைப் படிக்க வைத்து, மில்லை வாங்கி, தம்பி பேரிலேயே எழுதிக் கொடுத்து, கல்யாணமும் செய்துவைத்தவர். தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. மரத்தூள் மட்டும் நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிட்டது. கடைசியில் கட்டில் பக்கத்தில் ஒரு ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. யாரோ வாங்கி ஓட்டிவிட்டு விற்ற பழைய மெஷின். உஸ்ஸ்... டப். உஸ்ஸ்... டப். கரண்டு போனால் கத்துகிற அலாரம் அதில் என்றோ செத்துப்போயிருந்தது.

அண்ணனுக்கு நல்ல காற்று வேண்டும் என்றுதான் ஊருக்கு வெளியே வீடு கட்டினேன் என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லுவார். அது பொய்யில்லை. நல்ல காற்று இருந்தது. கரண்டுதான் இல்லை.

சோலார் போடுவதற்கு முன்னால் மீட்டர் ஒரு லிஸ்ட் எழுதுவார். ஒவ்வொரு அறையாகப் போய், எத்தனை விளக்கு, எத்தனை ஃபேன், எத்தனை மணி நேரம் என்று. அன்றும் எழுதினார். மெஷினின் கம்பியில் மீட்டரைக் கவ்வவைத்தபோது ஒன்றரை ஆம்பியர் காட்டியது. ஒன்று புள்ளி ஐந்து. ராத்திரி முழுக்க ஓடினால் அந்த வீட்டிலேயே பெரிய தீனி அதுதான்.

"முதலாளி, நாலு பேட்டரி பத்தாது. இன்னும் ரெண்டு வைங்க."

"இப்போதைக்கு இது போதும். பின்னால பாத்துக்கலாம்."

இந்த மாதிரி வீடுகளுக்கு மீட்டரிடம் ஒரு வழி இருந்தது. இரண்டு லைன் பிரித்துவிடுவார். வெயில் இல்லாமல் பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கினால் இரண்டாவது லைன் தானாக விழுந்துவிடும், அதாவது கரண்டு நின்றுவிடும். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மிச்சமிருப்பது முதல் லைனுக்கு. பெட்டியில் இரண்டு சுவிட்சுக்கும் கீழே அழியாத மார்க்கரில் எழுதிவிடுவார். இடது பக்கம் 'அவசியம்'. வலது பக்கம் 'தேவையில்லை'. வாஷிங் மெஷின், தோட்டத்து விளக்கு, இஸ்திரிப் பெட்டி எல்லாம் வலது பக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் இதே இரண்டு வார்த்தைதான். எழுதாமல் விட்ட ஒரே பெட்டி அவருடைய சொந்த வீட்டுப் பெட்டி. எது எதற்கு என்று அவருக்குத் தெரியாதா என்ன?

"எது எதுல போடணும், சொல்லுங்க."

முதலாளி விரல் விட்டு எண்ணினார். பிரிட்ஜ், ஹால், டிவி, எங்க ரூம்... எல்லாம் அவசியம். பின் அறைக்கு வந்தபோது கொஞ்சம் மென்று முழுங்கினார். "அது அடுத்ததுல இருக்கட்டும். தினமுமா விழப்போவுது? விழுந்தா சிலிண்டர் ஒன்னு வச்சிருக்கோம், மாத்திக்குவோம்."

"அங்க மெஷின் இருக்கே முதலாளி."

"பாத்துக்கலாம்னு சொல்றேனில்ல."

மீட்டர் ஒரு தடவை கேட்டார். இரண்டாவது தடவை கேட்கவில்லை. வீடு அவருடையது, அண்ணன் அவருடைய அண்ணன், நமக்கென்ன என்று நினைத்துக்கொண்டார். நாம் எல்லோரும் நினைப்பதுதான் அது. எவ்வளவு வசதியான வார்த்தை பாருங்கள், நமக்கென்ன.

பெட்டியை நடைச் சுவரில் மாட்டினார். அதற்கு நேர் எதிரே பின் அறையின் கதவு. கதவு எப்போதும் திறந்தே இருக்கும். பெரியவர் கட்டிலில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக மார்க்கரை மூடும்போது கையை லேசாகத் தூக்கிக் கூப்பிட்டார். மூச்சை எண்ணி எண்ணித்தான் அவரால் பேச முடியும்.

"தம்பி... எழுத்து... கொஞ்சம் பெருசா... இருக்கு."

மீட்டர் திரும்பிப் பார்த்தார். கட்டிலில் இருந்து பார்த்தால் வேறு எதுவும் கண்ணில் படாது. அந்த ஒரு வார்த்தைதான் படும்.

"அடுத்த தடவை வரும்போது அழிச்சிடறேன் பெரியவரே."

பெரியவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றி மட்டும் சித்தப்பா ஒன்றும் சொல்வதில்லை என்று பெயின்டர் சொன்னான்.

கிளம்புகிற நேரத்தில் முதலாளியின் மனைவி வந்தாள். "ராத்திரி அவர் கூப்பிட்டா எங்களுக்குக் கேக்கறதில்லைங்க. ஒரு பெல்லு வச்சுக் குடுத்துடுங்க," என்றாள். லிஸ்டில் கடைசி வரியாக மீட்டர் எழுதினார்: 'பெல் – அவசியம்'. தன் கையாலேயே எழுதினார். ஆனால் முதல் லைனில் இருந்து பெல்லுக்குக் கம்பி கொண்டுபோக நடுச்சுவரில் ஓட்டை போட வேண்டும். டிரில் பிட் காலையிலேயே உடைந்துபோயிருந்தது. சாப்பாட்டு நேரம் வேறு. பின் அறை பிளக் பக்கத்திலேயே இருந்தது. அதிலிருந்து ஒரு முழம் கம்பி இழுத்தார்... வேலை முடிந்தது. பட்டனைக் கட்டில் சட்டத்தில் கட்டி, பெரியவரை அழுத்தச் சொன்னார். டிங்... டாங். அருமையாக அடித்தது. பகல், வெயில், பேட்டரி நிறைய. ஏன் அடிக்காது?

அப்புறம் ஒரு மழை பிடித்தது. மூன்று நாள் சூரியனையே காணவில்லை. மூன்றாம் நாள் விடிகாலை மூன்றரைக்கு... டக்.

மெஷின் நின்றது. அதே லைனில் இருந்த பெல்லும் செத்தது. முதல் லைனில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் இரண்டு பேர் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

காலையில் போய்ப் பார்த்தபோது பெரியவரின் கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. அழுத்தி அழுத்தி நகம் கறுத்துப்போயிருந்தது.

பெரியவரை எடுத்த அன்றைக்கு மீட்டரும் போயிருந்தார். முதலாளி லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். "பெல்லு அவசியம்னுதான் எழுதியிருக்கு. லைன் விழுந்தாலும் அது அடிச்சிருக்கும். எனக்குத்தான் கேக்கல... எனக்குத்தான் கேக்கல." மீட்டர் கூட்டத்துக்குப் பின்னால் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திறக்கவில்லை.

சரி... இப்போது அந்த ஐந்தே காலுக்கு வாருங்கள்.

மீட்டர் பூட்டைத் திறந்தார். உள்ளே காலை வைத்ததும் வாசனை. அப்போதுதான் அறுத்த மரம்... ஈர மரத்தூள். மில் இருப்பது ஊருக்குள்ளே, பத்துக் கிலோமீட்டர் தள்ளி. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.

நடையில் பெட்டி. எழுத்து அப்படியே இருந்தது. அவர் அழிக்க வரவே இல்லை அல்லவா.

பின் அறையைப் பார்த்தார். கட்டில் வெறும் சட்டமாகக் கிடந்தது. மெத்தை இல்லை. மெஷினை யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்கள். அது நின்ற இடத்தில் தரையில் நாலு சக்கரத் தடம். பிளக்கில் ஒன்றுமே சொருகவில்லை. எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்தார். கட்டில் சட்டத்தில் பெல் பட்டன் மட்டும் கம்பியோடு தொங்கியது.

வந்த வேலையைப் பார்ப்போம் என்று பெட்டியைக் கழற்றினார். இரண்டாவது லைன் கம்பியில் மீட்டரைக் கவ்வவைத்தார்.

ஒன்று புள்ளி ஐந்து.

வேறு எங்காவது பிளக்கில் ஏதாவது இருக்கும். வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தார். இல்லை. திரும்பி வந்து சுவிட்சைக் கீழே தள்ளினார். ஒன்று புள்ளி ஐந்து. ஸ்க்ரூவைத் தளர்த்திக் கம்பியையே வெளியே இழுத்தார். செம்பு முனை காற்றில் நின்றது, எதையும் தொடாமல். அதில் கரண்டு ஓட வழியே இல்லை. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஒன்று புள்ளி ஐந்து... ஒன்று புள்ளி இரண்டு... ஒன்று புள்ளி ஐந்து... ஒன்று புள்ளி இரண்டு...

ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது. மூச்சு விடுகிற மாதிரி.

மீட்டரைக் கம்பியில் இருந்தே எடுத்துவிட்டார். வெறும் கையில், வெறும் காற்றில் பிடித்தார். அது நிற்கவில்லை. நடையில் பின்னால் போனால் எண் குறைந்தது. பின் அறை வாசலுக்கு வந்தால் கூடியது. கட்டிலுக்குப் பக்கத்தில் நீட்டியபோது எண் ஒன்று புள்ளி ஐந்திலேயே நின்றது. இருபத்தைந்து வருஷமாக அவர் நம்பிய ஒரே பொருள் அந்த மீட்டர். இன்றைக்கு அது பொய் சொல்கிறது என்று நினைக்க அவரால் முடியவில்லை. அதுதான் கொடுமை.

உஸ்ஸ்...

காதில் விழுந்ததா, நினைப்பில் விழுந்ததா?

...டப்.

அப்போது பெல் அடித்தது. டிங்... டாங்.

கம்பி அவர் கையால் பிடுங்கிப் போட்டபடி தொங்கிக்கொண்டிருந்தது. மறுபடியும். டிங்... டாங். அவசரம் இல்லாமல். கூப்பிட்டுவிட்டு, யாராவது வருகிறார்களா என்று காத்திருந்து, மறுபடியும் கூப்பிடுகிற மாதிரி. கட்டில் சட்டத்தில் தொங்கிய பட்டன் உள்ளே அமுங்கியிருந்தது. யாரும் தொடவில்லை. அமுங்கியே இருந்தது.

மீட்டர் கட்டிலுக்கு நேராகத் திரும்பினார். அந்த வெற்றுக் கட்டிலைப் பார்த்து அவர் சொன்னார்.

"நான்தான் பெரியவரே. பெல்ல அந்த லைன்ல குடுத்தது நான்தான். அவங்களுக்குத் தெரியாது. அது அடிக்கவே இல்ல. நான் சொல்லிடறேன். போயி சொல்லிடறேன்."

பட்டன் மெதுவாக வெளியே வந்தது. மீட்டரில் எண் இறங்கியது. ஒன்று... பூஜ்யம் புள்ளி நாலு... பூஜ்யம். மரத்தூள் வாசனைகூட இல்லை.

அவர் அழுதுவிட்டார். துணியைத் தின்னரில் நனைத்து, பெட்டியில் இருந்த அந்த வார்த்தையைச் சுத்தமாகத் துடைத்தார். கம்பியை மாட்டினார். பூட்டினார். வண்டியை எடுத்தபோது நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது.

இரண்டு கிலோமீட்டர். சொல்லிவிடுவது என்றுதான் வந்தார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு கிலோமீட்டரில் எவ்வளவோ யோசிக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? நாளைக்கே ஊர் முழுக்கத் தெரியும். அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? போன உயிர் வரப்போகிறதா? மெஷினை அந்த லைனில் போடச் சொன்னது நானா? ஏழாவது கம்பம் வந்தபோது முழு மூட்டையும் மறுபடி தலைமேல் இருந்தது. இப்போது அது வேறு ஒருவருடைய மூட்டையாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

முதலாளி ஓடி வந்தார். "பெல்லு?"

"வேலை செய்யுது."

"அப்ப... அன்னிக்கும் அடிச்சிருக்குமா?"

இருட்ட ஆரம்பித்திருந்தது. மீட்டர் சாவியை நீட்டினார்.

"அடிச்சிருக்கும்."

முதலாளி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவர் மனைவியைக் கூப்பிடப் போகவில்லை. அந்த வீட்டுக்கும் போகவில்லை. மில்லிலேயே படுத்து, மில்லிலேயே ஒருநாள் செத்தும் போனார். அது வேறு கதை.

மீட்டர் வீடு வந்து சேர்ந்தபோது ஏழு மணி. அன்றைக்கு நல்ல வெயில். அவர் வீட்டு பேட்டரி நிறைந்திருந்தது. முகம் கழுவிவிட்டுப் படுக்கை அறையில் போய் விழுந்தார். இடுப்பில் இருந்து கழற்றிப் பக்கத்தில் வைத்த மீட்டரின் திரை தானாக எரிந்தது... ஒன்று புள்ளி ஐந்து.

டக்.

அவர் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது. விளக்கு அணைந்தது. ஹாலில் வெளிச்சம் அப்படியே இருந்தது. டிவியும் ஓடியது.

மனைவி நடையில் பெட்டிக்கு முன்னால் நின்று கூப்பிட்டாள். "என்னங்க, நம்ம பொட்டியில இத எப்ப எழுதினீங்க?"

அவர் எழுந்து வந்து பார்த்தார். படுக்கை அறை சுவிட்சுக்குக் கீழே கறுப்பு மார்க்கரில் 'தேவையில்லை' என்று எழுதியிருந்தது. மை காயவில்லை. அவருடைய கையெழுத்துதான், சந்தேகமே இல்லை.

எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருந்தது.